ஒலீட்டாவின் படகும் மதுவில்லாத தீவும்

ஒலீட்டா டைஸைப் பற்றி எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும், "அவ ஒண்ணும் பிடிவாதக்காரி இல்லயே" என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. ப்ளவர் தீவில் நாங்கள் மனதில் இருப்பதைத் தலைகீழாகத் திருப்பித்தான் சொல்வோம். கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்து வருகிறவனைப் பார்த்து, "இன்னிக்குத் தூறல்கூட இல்ல போலிருக்கே" என்போம். யாராவது நண்டு வடையைக் கருக்கிவிட்டால், "உனக்குச் சமைக்கவே தெரியாதுன்னு எவன் சொன்னான்?" என்போம். செசபீக் விரிகுடாவுக்கு நடுவில், அக்கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரத் தொலைவில், எங்களுக்குள் மட்டும் பேசிப் பேசி வந்த பழக்கம் இது. ஒலீட்டாவுக்கும் அப்படிப் பேச வரும். ஆனால் காரியம் என்று வந்துவிட்டால் நேராகத்தான் பேசுவாள். அதனாலேயே அவளுக்கு எங்களிடம் பாதிக் கெட்ட பெயர்.

நான் இந்தத் தீவின் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவள் படகு துறைக்கு வரும்போதெல்லாம் நானும் துறையில் நிற்க வேண்டும். அதனால் அவளை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நண்டு பிடிக்கிற வெஸ்லி டைஸின் ஒரே மகள் அவள். நடக்கத் தெரியும் முன்பே படகில் ஏறிவிட்டாள். இருபது வயதில் அக்கரையில் டிராக்டர் விற்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கணவன் கூட வரவில்லை. கையில் கேப்டன் பரீட்சை தேறிய சான்று இருந்தது. "சண்டை ஒண்ணும் இல்ல. அவருக்குத் தரை பிடிச்சுது, எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்" என்றாள். பழைய பயணிகள் படகு ஒன்றை வாங்கிச் சீர் செய்து, அம்மாவின் பெயரை வைத்து 'ஆர்லீன் டி.' என்று எழுதினாள். தபால், மளிகை, மருந்து, துணி துவைக்கும் இயந்திரம், அக்கரையில் பெரிய பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சில சமயம் சவப்பெட்டி என்று எங்களுக்கு வேண்டிய எல்லாமே அந்தப் படகில்தான் வந்து போயின.

குளிர்காலத்தில் அந்த வருமானம் டீசலுக்கே போதவில்லை. அதனால் கோடையில் அக்கரையிலிருந்து மாலை நேர உல்லாசப் பயணம் ஆரம்பித்தாள். சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க வந்தவர்கள், "ஒரு பீர்கூடக் கிடையாதா?" என்று கேட்டார்கள். அவள் லைசென்ஸ் கேட்டு மாவட்ட மதுக் குழுவுக்குப் போனாள். அவர்கள் விலாசம் கேட்டார்கள்.

"படகுக்கு ஏதுங்க விலாசம்? இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க."

"அப்போ எங்களால முடியாதும்மா. கட்டடம்னா நாங்க. நகர்ற பொருள்னா மாநிலம்."

மாநில அலுவலகம் கொடுத்தது. மாநிலத்தின் தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் செல்லும் லைசென்ஸ். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுக்கான் அறைச் சுவரில் மாட்டினாள்.

எங்கள் தீவில் மது விற்கிற கடை என்றுமே இருந்ததில்லை. எழுதி வைத்த தடை எதுவும் இல்லை. மெத்தடிஸ்ட் சபை வேண்டாம் என்றது, யாரும் விற்கவில்லை, அவ்வளவுதான். விற்கவில்லை என்றால் குடிக்கவில்லை என்று அர்த்தம் அல்ல. நண்டுக் கொட்டகைகளில் தூண்டில் இரைப் பெட்டிக்கு அடியில் என்ன இருக்கும் என்பது மனைவிகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெளிப்படையாக, லைசென்ஸைச் சுவரில் மாட்டிக்கொண்டு விற்ற முதல் ஆள் ஒலீட்டாதான். பாதிரியார் லெமுவெல் க்ராஃப்ட் அந்த ஞாயிற்றுக்கிழமை கடவுள் சொல்லைக் கேட்காமல் ஓடிய யோனா ஏறிய கப்பலைப் பற்றி நீண்ட நேரம் பிரசங்கித்தார். பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி அவளுடைய காலி இருக்கையைப் பார்த்தார்கள். அவள் சபைக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பெண்கள் சங்கத் தலைவி எஃபி மார்ஷ், அவள் படகில் ஏறும்போதெல்லாம் படியில் நின்று பீர் அலமாரியைப் பற்றிச் சத்தமாகக் கேட்பார்.

"அந்த அலமாரி எந்தப் பக்கம் இருக்கு?"

"நீங்க எந்தப் பக்கம் பாக்க மாட்டீங்களோ அந்தப் பக்கம், மிஸ் எஃபி."

எஃபி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அக்கரை வரை போவார். வேறு வழி? இருந்தது ஒரே படகு.

ஒலீட்டா தனக்குத் தானே ஒரு விதி போட்டிருந்தாள். தீவுக்கு வரும் கால்வாயின் வாயில் ஒரு பச்சை மிதவை இருக்கிறது. அதைத் தாண்டும்போது படகிலிருந்த பாரின் பலகைக் கதவை இறக்கிப் பூட்டிவிடுவாள். ஒரு தடவை வெளியூர்க்காரர் ஒருவர் எகிறினார்.

"லைசென்ஸ்ல அப்படி எங்கம்மா போட்டிருக்கு?"

"எங்கயும் போடல. நீங்க பாத்துட்டுப் போயிடுவீங்க. நான் இங்கதான் தூங்கறேன்."

இப்படி ஏழெட்டுக் கோடை போயிற்று. அதன் பிறகுதான் 'சில்வர் எக்ரெட்' வந்தது.

அக்கரையில் புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் படகு அது. இரண்டு தட்டு, மேலே பாட்டு, கீழே நீளமான பார். ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை எங்கள் பொதுத் துறையில் வந்து கட்டியது. மூன்று மணி நேரம் நின்றது. நின்ற நேரமெல்லாம் பார் திறந்தே இருந்தது. கையில் கோப்பையோடு ஜனங்கள் இறங்கி எங்கள் சந்துகளில் நடந்தார்கள். கல்லறைச் சுவரில் உட்கார்ந்து சிரித்தார்கள். எஃபியின் கணவர் செவர்ன் மார்ஷ், ஓடு கழற்றப்போகும் நண்டுகளைத் தனித்தனித் தொட்டிகளில் விட்டுக் காவல் இருப்பவர். ஒரு இளைஞன் வெயில் தாங்காமல் அந்தத் தொட்டி ஒன்றில் இறங்கிப் படுத்தான். ஓடு கழன்ற நண்டு வெண்ணெய் மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்தத் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எல்லோருக்கும் கோபம் என்று சொன்னால் பொய். நண்டு உடைக்கும் பெண்களின் கூட்டுறவுக் கடையில் நண்டு வடை மதியத்துக்குள் தீர்ந்துபோனது. பத்தடுக்குக் கேக் துண்டு துண்டாக விற்றது. "வாராவாரம் வரட்டுமே" என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

வந்தது. வாராவாரம் வந்தது. பாதிரியார் மாவட்டத்துக்கு ஃபோன் செய்தார். "அது மாநில லைசென்ஸ், நாங்க தொட முடியாது" என்றார்கள். மாநிலத்துக்குச் செய்தார். "துறை மாவட்டத்தோடது, அவங்களைக் கேளுங்க" என்றார்கள். துறையில் கட்டியிருந்தாலும் படகு மிதக்கிறது, மிதக்கிற வரை அது தண்ணீரில்தான் இருக்கிறது, தண்ணீர் மாநிலத்தினுடையது என்று ஒருவர் பொறுமையாக விளக்கினாராம்.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, பாதிரியாரும் எஃபியும் துறைக்கு வந்தார்கள். ஒலீட்டா கயிறு சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் தபால் பைக்காக நின்றிருந்தேன்.

"மிஸ் ஒலீட்டா, உங்ககிட்ட ஒரு உதவி" என்றார் பாதிரியார்.

"நான் குடிக்கு எதிரி இல்ல, பாஸ்டர். நேத்துகூட அக்கரையில ஒண்ணு குடிச்சேன்."

"தெரியும். அதனாலதான் வந்தோம். மாநில அலுவலகத்துல நாங்க போய்ப் பேசினா, சபைக்காரங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு தள்ளிடுவாங்க. நீங்களும் அதே லைசென்ஸ் வச்சிருக்கீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். "சபை பேச வேண்டாம். நானும் பேச வேண்டாம். தீவு பேசட்டும். தீவு என்ன நினைக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நூறு வருஷமாத் தெரியுமே" என்றார் எஃபி.

"யாரைக் கேட்டீங்க, மிஸ் எஃபி?"

எஃபி பாதிரியாரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டு வையுங்க. சபையில வேண்டாம், பள்ளிக்கூடத்துல. கைதூக்கற ஓட்டு வேண்டாம், சீட்டு. பொண்டாட்டி பக்கத்துல நின்னு எட்டிப் பாக்கக் கூடாது. எது ஜெயிக்குதோ அதை நான் தலைநகர் வரைக்கும் தூக்கிட்டுப் போறேன்."

"ஒருவேளை படகு நிக்கட்டும்னு ஜெயிச்சா?" என்று பாதிரியார் கேட்டார்.

"அப்போ அந்தப் படகுக்கு நானே கயிறு பிடிச்சுக் கட்டறேன். நீங்களும் ஞாயித்துக்கிழமை வாயை மூடிக்கணும்."

பாதிரியார் யோசித்தார். பிறகு கையை நீட்டினார்.

ஓட்டு நடந்தது. நண்டுக் கூடையின் மேல் துணி கட்டி, நடுவில் கிழித்துச் சீட்டுப் போட்டோம். கொட்டகையை விட்டு வெளியே வராத ஆண்கள்கூட முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். தீவிலும் தீவின் துறையிலும் மது விற்கக் கூடாது, கட்டியிருக்கும் படகிலும் கூடாது என்று பெரும்பான்மை சொன்னது. வேண்டும் என்று சொன்ன சீட்டுகளும் எஃபி நினைத்ததைவிட அதிகம். அந்தப் பெண்மணி அன்று முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் கணவரின் முகத்தில் வந்து நின்றார்.

"என்னை ஏன் பாக்கறே?" என்றார் செவர்ன். "நான் வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதுண்டா?"

எங்கள் பேச்சுவழக்கு தெரிந்த எல்லோரும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தோம்.

ஓட்டு முடிந்த சில வாரங்களில், செப்டம்பரில், வடமேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தது. அந்தக் காற்று அடித்தால் விரிகுடாவின் தண்ணீரையே தெற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். எங்கள் கால்வாய் சாக்கடை மாதிரி வற்றிவிடும். சனிக்கிழமை மதியம் 'சில்வர் எக்ரெட்' திரும்பிப் போகும்போது மிதவைக்கு அப்பால் மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அலை ஒவ்வொன்றும் அதன் விலாவில் வந்து அறைந்தது. மேல்தட்டில் ஜனங்கள் கூச்சல் போடுவது துறை வரை கேட்டது.

கடலோரக் காவல் படகு வர நேரமாகும் என்றார்கள். ஒலீட்டா காத்திருக்கவில்லை. அவள் படகின் அடி தட்டையானது. திட்டின் விளிம்பு வரை பின்பக்கமாகவே கொண்டுபோனாள். செவர்னும் இன்னும் இரண்டு நண்டுக்காரர்களும் தங்கள் சிறிய படகுகளோடு கூடப் போனார்கள். ஆட்களைச் சிறிய படகில் இறக்கி, அங்கிருந்து அவள் படகுக்கு மாற்றி, கரைக்குக் கொண்டுவந்து விட்டு, மறுபடி போய், மறுபடி வந்து, பொழுது சாயும்வரை ஓட்டினாள். அலையில் இரண்டு படகும் மோதிக்கொண்டே இருந்தன. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி நடையில்தான் அந்தப் படகின் கேப்டன் ராண்டல் வோஸ் வந்தார். கருத்த தாடி, நனைந்த சட்டை, யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சபைக் கூடத்தைத் திறந்துவிட்டோம். எஃபி காப்பி போட்டார், போர்வை கொண்டுவந்தார், இருந்த கேக்கையெல்லாம் வெட்டினார். தொட்டியில் படுத்த அந்த இளைஞனும் அங்கே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செவர்ன் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, "உன்னை எங்கயும் பாத்த ஞாபகமே இல்ல, தம்பி" என்றார். பையன் அழுதுவிட்டான். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது, ஹெலிகாப்டர் வந்து கொண்டுபோனது.

நவம்பரில் தலைநகரில் விசாரணை. அந்த நிறுவனத்தின் லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் அது. ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம். ஒலீட்டா, பாதிரியார், செவர்ன், நான் நாலு பேரும் போனோம். அக்கரையிலிருந்து பாதிரியாரின் காரில் போகும்போது அவர் பேச்சை எடுத்தார்.

"மிஸ் ஒலீட்டா, அந்தப் படகு தரைதட்டினதை நல்லா விவரமாச் சொல்லிடுங்க. குடிச்சுக் கும்மாளம் போட்டதாலதான்னு அவங்களுக்குப் புரியணும்."

"கும்மாளம் போட்டது பயணிங்க. ஓட்டினவர் இல்ல."

"அவர் குடிக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைசியா என் படகுல அவரைக் கைபிடிச்சு ஏத்தினேன் பாஸ்டர். முகத்துக்கு நேரா மூச்சு. காப்பி வாசனைதான் வந்துது. அந்தத் திட்டு ரெண்டு நாள் காத்துல நகர்ந்திருந்துது. நான் போயிருந்தாலும் தட்டியிருக்கும்."

"நீங்க பொய் சொல்ல வேண்டாம். கதையை மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை அவங்களே நினைச்சுப்பாங்க."

"அதுக்குப் பேருதான் பொய்" என்றாள் ஒலீட்டா.

விசாரணை நடந்த அறை எங்கள் பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருந்தது. விசாரணை அதிகாரி மெலிந்த, சளி பிடித்த மனிதர். நிறுவனத்தின் வக்கீல் ஒரு இளம் பெண், மரியாதையாகவே பேசினாள். பின்வரிசையில் கேப்டன் வோஸ் உட்கார்ந்திருந்தார். முதலில் செவர்னைக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் படகுல வந்தவங்களால உங்களுக்கு நஷ்டம் ஏதாவது உண்டா, மிஸ்டர் மார்ஷ்?"

"சேச்சே, ஒண்ணுமே இல்லீங்க. தங்கமான கூட்டம். என் தொட்டியில எறங்கிக் குளிச்ச பையன்கூட ரொம்ப அடக்கமான பையன். நண்டுங்களுக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு."

தட்டச்சு செய்தவள் அதை அப்படியே அடித்தாள். ஒலீட்டா முன்னால் சாய்ந்து, "நேராச் சொல்லுங்க செவர்ன், இது வேற ஊர்" என்று காதில் சொன்ன பிறகுதான் அவர் விழித்துக்கொண்டு திருத்தினார். எத்தனை டஜன் நண்டு போனது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

பிறகு ஒலீட்டா. வக்கீல் எழுந்ததுமே முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டாள்.

"செப்டம்பர்ல நடந்த விபத்துக்கு மது காரணம்னு சொல்றீங்களா?"

பாதிரியார் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. கேப்டன் தெளிவா இருந்தார். திட்டு நகர்ந்திருந்துது. தன் ஆளுங்க எல்லாரும் எறங்கினப்புறம்தான் அவர் எறங்கினார்."

பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"உங்க படகுலயும் மது விக்கறீங்க, இல்லையா?"

"விக்கறேன். பீரும் ஒயினும்."

"உங்க தீவுல நடந்த ஓட்டெடுப்புல நீங்க எப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு சொல்ல முடியுமா? கட்டாயம் இல்லை."

"சொல்றேன். துறையில விக்கலாம்னு போட்டேன்."

நான் திரும்பிப் பாதிரியாரைப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் யாருக்கும் அது தெரியாது. தான் கேட்டது இவ்வளவு நன்றாகப் பலிக்கும் என்று வக்கீலே எதிர்பார்க்கவில்லை.

"அப்போ இங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"தோத்துட்டேனே, அதுக்குத்தான்" என்றாள் ஒலீட்டா.

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கம்மா."

"எங்க தீவுல போலீஸ் இல்லீங்க. டாக்டர் இல்ல. ஒருத்தன் குடிச்சிட்டு விழுந்தா, அடிச்சா, அடிவாங்கினா, வந்து பாக்கறது நாங்கதான். எது நடந்தாலும் சுமக்கறது நாங்கன்னா, எது நடக்கலாம்னு சொல்றதும் நாங்கதானே? எனக்கு இதுல வேற அபிப்பிராயம். அதைச் சொல்ல எனக்கு ஒரு சீட்டு கொடுத்தாங்க, போட்டேன், தோத்தேன். ஜெயிச்சா மட்டும் மதிப்பேன்னா அது ஓட்டே இல்லீங்க. நீங்க ஏதாவது நிபந்தனை போடறதா இருந்தா, மொதல்ல என் லைசென்ஸ்ல போடுங்க."

நானும் அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அவள் எவ்வளவு பெரியவள் என்று தெரிந்தது.

ஆனால் ஜெயிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. படகுக்கான லைசென்ஸில் ஓர் ஊரின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கச் சட்டத்தில் இடம் இல்லை, விபத்திலும் மதுவின் பங்கு நிரூபிக்கப்படவில்லை, அதனால் புதுப்பிக்கிறோம் என்று. தீவு கொதித்தது. 'சில்வர் எக்ரெட்' வரட்டும் என்று ஓட்டுப் போட்டவர்கள்கூட, அவள் எதிராளிக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்தாள் என்று பேசினார்கள். எஃபி அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் படகில் ஒரு வார்த்தை பேசாமல் போய் வந்தார். அலமாரி எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. ஒலீட்டா அதைத்தான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு நாள் தபால் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "என்னைத் திட்டக்கூட ஆள் இல்ல, ரொவீனா" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

அந்த மௌனத்தை உடைத்தது பாதிரியார். ஜனவரியில் ஒரு ஞாயிறு, பிரசங்கத்தை நடுவில் நிறுத்திவிட்டு அவர் சொன்னது இது: "நான் ஒரு பெண்ணிடம் பொய் கேட்டேன். பொய்யாகத் தெரியாத மாதிரிச் சுற்றிக் கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. நீங்கள் கோபப்பட வேண்டுமானால் அவளிடம் அல்ல, என்னிடம் கோபப்படுங்கள்." பிறகு பாட்டைத் தொடங்கச் சொன்னார். யாருக்கும் சுருதி சேரவில்லை.

மறுநாள் எஃபி படியில் நின்று, "அந்த அலமாரி இப்போ எந்தப் பக்கம்?" என்றார். "அதே பக்கம்தான்" என்றாள் ஒலீட்டா. எஃபி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மடியில் ஒரு டப்பா இருந்தது. இறங்கும்போது அதை அங்கேயே மறந்ததுபோல விட்டுவிட்டுப் போனார். உள்ளே கேக்.

விசாரணை அறையில் அன்று வேறு ஒரு வேலையாக வந்து காத்திருந்தவர் கான்ஸ்டன்ஸ் யூபேங்க், எங்கள் பகுதியின் சட்டமன்ற உறுப்பினர். வயதானவர், ஊன்றுகோலோடு நடப்பவர். அவர் பிப்ரவரியில் தீவுக்கே வந்தார். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒலீட்டாதான் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"சட்டத்துல இடம் இல்லைன்னாங்க இல்ல? இடம் பண்ணுவோம்" என்றார் யூபேங்க். "ஒரே ஒரு வாக்கியம் போதும். ஓட்டுப் போட்டு மது வேண்டாம்னு சொன்ன ஊரோட துறையில, கட்டியிருக்கிற படகுலயும் விக்கக் கூடாது. உங்க படகுக்கும் சேர்த்துத்தான்."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

ஒரு வாக்கியம் என்றாலும் சட்டமன்றத்தில் அது ஒரு வருடம் படுத்துக்கிடந்து செத்துப்போனது. அடுத்த குளிர்காலத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒலீட்டா மறுபடி போனாள். குழுவின் முன் அவள் பேசி முடித்ததும், பின்னாலிருந்து ஒருவர் எழுந்து தன்னையும் பேச விடச் சொன்னார். கேப்டன் வோஸ். அந்த நிறுவனத்தை விட்டு அவர் விலகி மாதங்கள் ஆகியிருந்தன. தாடியை எடுத்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் பல துறைமுகத்துல கட்டியிருக்கேன்" என்றார். "கட்டினா அந்த ஊர்க்காரன் நான். கயிறு அவங்க தூண்லதானே இருக்கு? அந்த அம்மா என்னைப் பத்தி ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என் கேப்டன் லைசென்ஸே போயிருக்கும். அவங்களுக்கு அதுல லாபம்கூட இருந்துது. சொல்லல. அவங்க ஊர் என்ன கேக்குதோ அதைக் கொடுத்துடுங்க."

நடைபாதையில் ஒலீட்டா அவரைப் பிடித்துக்கொண்டாள். "என்ன இது, யார் உங்களைக் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல. இந்தப் பக்கம் சும்மா வந்தேன்."

"இருநூறு கிலோமீட்டர் சும்மா வந்தீங்களா? எங்க தீவுல பொறந்திருக்க வேண்டிய ஆளு நீங்க" என்றாள்.

சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டாட எங்களுக்குப் பெரிதாக வாய்ப்பில்லாமல் போனது. ஏனென்றால் அந்த நிறுவனம் அதற்கு முன்பே எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது. ஆழமில்லாத கால்வாயில் மறுபடி தரைதட்டினால் காப்பீடு கிடைக்காது என்று விரிகுடாவின் மேற்குக் கரைக்குப் போய்விட்டார்கள். ஆக, இரண்டு குளிர்காலம் தலைநகருக்கு அலைந்து ஒலீட்டா கொண்டுவந்த சட்டம் கட்டுப்படுத்திய படகு மாநிலத்திலேயே ஒன்றே ஒன்றுதான். அது 'ஆர்லீன் டி.'

செவர்னுக்கு இதைக் கேட்டு மூச்சு முட்டியது. கொட்டகைப் பலகையில் கையால் அடித்துக்கொண்டு, "இதுல சிரிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, கேப்டன், ஒண்ணுமே இல்ல" என்றார். ஒலீட்டாவும் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தாள்.

அடுத்த கோடையில் விரிகுடாவின் வேறு இரண்டு சிறிய ஊர்கள் அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டு வைத்தன. ஒன்று வேண்டாம் என்றது. இன்னொன்று தாராளமாக வரட்டும் என்றது. இரண்டு ஊர்க்காரர்களும் ஓட்டை எப்படி நடத்துவது என்று அவளிடம்தான் கேட்டார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் உதவினாள். வரட்டும் என்று சொன்ன ஊரிலிருந்து திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்த திருப்தியை நான் கவனித்தேன். வேண்டாம் என்ற ஊரிலிருந்து வந்தபோதும் அதே முகம்தான்.

எங்கள் தீவுக்கு மேயர் கிடையாது, ஊராட்சி கிடையாது. இருந்த ஒரே அமைப்பு சபை. இப்போது பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு முறை கூடுகிறோம். சபைக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் வருகிறார்கள். நடத்துகிறவள் ஒலீட்டா. போன மாதம் பேச்சு கால்வாயைத் தூர்வாருவது பற்றி வந்தது. மத்திய அரசு செய்ய வேண்டும், மாநிலம் செய்ய வேண்டும், மாவட்டம் செய்ய வேண்டும் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அவள் மேசையைத் தட்டினாள்.

"யாரு செய்யணும்னு அப்புறம் கண்டுபிடிப்போம். மொதல்ல நமக்கு வேணுமா வேண்டாமா? மிஸ் எஃபி, ஓட்டுக் கூடையை எடுத்துட்டு வாங்க."

எஃபி எழுந்து போய்க் கூடையை எடுத்துவந்தார்.